புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டும் விழவில்லை என்றால் பள்ளியில் குறையே இல்லையா?

பொருளாளர்_பிடிஏ | ஜூன் 9, இரவு 9.40

அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி, 6 முதல் 12 வரை, சுமார் 640 பிள்ளைகள். ஹெச்.எம். அறை வாசலில் புகார்ப் பெட்டி தொங்குகிறது. போன வருஷம் முழுக்க அதில் விழுந்தது மூன்றே சீட்டு. இரண்டில் கிரிக்கெட் மட்டை வேண்டும் என்று இருந்தது, மூன்றாவது சாக்லேட் காகிதம். "புகாரே இல்லாத பள்ளி" என்று ஆண்டு விழாவில் மைக்கில் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர் தெரியாமல் பிள்ளைகள் சொல்ல உருப்படியான வழி என்ன? கூகுள் ஃபார்ம் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர்.

சாவிக்கொத்து | ஜூன் 9, இரவு 10.25

காலிப் பெட்டி நல்ல செய்தி இல்லை. ஹெச்.எம். அறை வாசல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. நாளைக்கு அந்தப் பெட்டி முன்னால் நின்று கையை நீட்டிப் பாருங்கள். ஆபீஸ் கிளார்க், பியூன், கையெழுத்துப் போட வந்த டீச்சர், தலைக்கு மேல் கேமரா, இத்தனை பேர் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அங்கே போக ஒரு காரணமும் கிடையாது. போனாலே செய்தி.

எல்லோரும் காரணம் சொல்லாமல் போகிற வழி எது என்று பாருங்கள்: குடிதண்ணீர்க் குழாய், மாடிப்படித் திருப்பம், கழிப்பறைக்குப் போகும் நடை. கழிப்பறைக்கு உள்ளே வேண்டாம், ஈரத்தில் காகிதம் ஊறி ஒட்டிப்போகும். மாணவர், மாணவியர் நடைகள் தனித்தனி என்றால் இரண்டு பெட்டி. கேமரா எதுவும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. "கேமரா வேலை செய்யல சார்" என்பதை எந்தப் பிள்ளையும் நம்பாது, அதனால் திருப்பியே வைக்க வேண்டும்.

பெட்டியை அக்ரிலிக்கில் செய்யாதீர்கள். கடைகளில் கிடைப்பதில் நிறைய கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பெட்டிதான். நேற்று காலியாக இருந்த பெட்டியில் இன்று ஒரு மஞ்சள் காகிதம் கிடந்தால் எந்த வகுப்பு நோட்டு என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். பட்டறையில் 22 கேஜ் தகரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அகலம் 30, ஆழம் 20, உயரம் 40 செ.மீ. போதும். மேலே பிளவு 12 செ.மீ. நீளம், 8 மி.மீ. அகலம். பிளவுக்கு உள்ளே ஒரு தகட்டைச் சாய்வாக வெல்டிங் வைத்து, கீழே 3 செ.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். சீட்டு சறுக்கி விழும், குச்சி விட்டால் தகட்டில் முட்டும். பிளவு தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும்.

பூட்டு இரண்டு, கொண்டி இரண்டு. ஒரு சாவி ஹெச்.எம்.மிடம், இன்னொன்று பெற்றோர் தரப்பில் ஒருவரிடம். கீல் திருகுகள் வெளிப்பக்கம் தெரிந்தால் இரண்டு பூட்டும் வீண். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றிவிடலாம்.

கடைசி_பெஞ்சு | ஜூன் 9, இரவு 10.51

8 மி.மீ. பிளவுன்னா தவளை உள்ள போகாது. நல்ல ஏற்பாடுண்ணே.

சாவிக்கொத்து | ஜூன் 9, இரவு 11.02

தவளை பிரச்சினை இல்லை, அது கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். நுனியில் சூயிங்கம் ஒட்டிய விளக்குமாற்றுக் குச்சிதான் எதிரி. சாய்தகடு அதற்குத்தான்.

சாவிக்கொத்து | ஜூன் 10, காலை 6.15

இரவு எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். இடம், பூட்டு எல்லாம் சரியாக இருந்தாலும் சீட்டு காட்டிக்கொடுக்கும்.

வாரம் 40 நோட்டு திருத்துகிற டீச்சருக்குக் கையெழுத்தைப் பார்த்ததும் ஆள் தெரியும். "ழ" போடுகிற வளைவு, ஒற்றுப் புள்ளியை வட்டமாகப் போடுவது, "பன்றாங்க" என்று எழுதும் பிழை, எல்லாமே அடையாளம். பிள்ளைகளுக்கும் இது தெரியும். இடது கையால் எழுதச் சொல்வார்கள் சிலர், அதெல்லாம் வேலைக்காகாது. நடுக்கம்தான் கூடும், எழுத்துப் பழக்கம் மாறாது.

அதனால் டிக் அடிக்கிற சீட்டு. ஏ4 தாளில் நான்கு சீட்டு அச்சடிக்கலாம். கேட்க வேண்டியது இவ்வளவுதான். எங்கே: வகுப்பறை, கழிப்பறை, மைதானம், ஆய்வகம், விடுதி, பஸ், பள்ளிக்கு வெளியே, செல்போனில். யாரால்: மாணவர், ஆசிரியர், மற்ற ஊழியர், டிரைவர், வெளியாள், ஆள் இல்லை பொருள்தான். என்ன: அடி, தொடுதல், மிரட்டல், சாதி சொல்லித் திட்டுவது, படம் எடுப்பது, போதைப்பொருள், இடியும் சுவர், மின்கம்பி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு. யாருக்கு: எனக்கு, இன்னொருவருக்கு. நிலைமை: முடிந்துவிட்டது, தொடர்கிறது, இன்றே நடக்கலாம். கடைசியில் இரண்டு வரி எழுத இடம், "விருப்பமிருந்தால் மட்டும், பெரிய எழுத்தில் தனித்தனியாக எழுது" என்ற குறிப்போடு.

"யாருக்கு" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். தனக்கு நடந்ததை "தோழிக்கு நடந்தது" என்றுதான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், அந்த வாசலை மூட வேண்டாம்.

சீட்டை ஆபீசில் கேட்டு வாங்க வைக்காதீர்கள். ஒவ்வொரு வகுப்பறையிலும் சுவரோரம் ஒரு கட்டு தொங்கட்டும்.

சாவிக்கொத்து | ஜூன் 10, காலை 6.40

இன்னொன்று. ஒரு பிள்ளையைப் பெட்டி மறைக்காது, கூட்டம்தான் மறைக்கும். மாதம் ஒரு நாள், எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம், 640 பேரும் ஒரு சீட்டு போட வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவர் வெறும் சீட்டை மடித்துப் போடட்டும். 640 மடிப்பில் எந்த மடிப்பு யாருடையது? மாதம் 160 தாள், பத்து மாதத்துக்கு 1,600 தாள், மூன்று ரீமுக்குக் கொஞ்சம் மேல். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகிற செலவில் ஓர் ஓரம்.

கணக்கு_டீச்சர் | ஜூன் 10, மாலை 5.20

வெறும் சீட்டு யோசனை சரிவராது. ஒன்றும் இல்லாத பிள்ளை ஐந்து வினாடியில் மடித்துவிட்டு வேடிக்கை பார்க்கும். குனிந்து எழுதிக்கொண்டிருப்பது ஒரே ஒரு தலை. பக்கத்து பெஞ்சு முழுக்க அந்தத் தலையைத்தான் பார்க்கும்.

சாவிக்கொத்து | ஜூன் 10, இரவு 8.05

கணக்கு டீச்சர் சொன்னது சரி, ஜூன் 10 காலைக் குறிப்பைத் திருத்துகிறேன். வெறும் சீட்டு கூடாது. எல்லோருக்கும் எழுத வேலை வேண்டும். மேல்பாதியில் எல்லோரும் நிரப்ப வேண்டிய நான்கு சாதாரணக் கேள்வி: எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த ஸ்விட்ச் ஷாக் அடிக்கிறது, பஸ்ஸில் நிற்க வேண்டியிருக்கிறதா. கீழ்ப்பாதியில் மேலே சொன்ன டிக் கட்டங்கள். 40 பேனாவும் நான்கு நிமிஷம் ஓடும். இதில் கூடுதல் லாபம், தாழ்ப்பாள் கணக்கும் கிடைத்துவிடும். தாழ்ப்பாளைச் சரிசெய்த பள்ளியை நம்பித்தான் பிள்ளை அடுத்த கட்டத்தில் டிக் அடிக்கும்.

வாங்குவதிலும் கவனம். வகுப்பாசிரியர் கையில் வாங்கக் கூடாது. வரிசையாக எழுந்து வந்து போடவும் கூடாது, பெட்டிக்குள் அதே வரிசையில் அடுக்கி விழும், மேலிருந்து எண்ணினால் மூன்றாவது பெஞ்சு வந்துவிடும். ஒரே பெட்டியை நாலைந்து பிரிவுக்குக் கொண்டுபோய், திறக்கும் முன் நன்றாகக் குலுக்குங்கள். எல்லோருக்கும் ஒரே நீல பால்பாயின்ட். பச்சை ஜெல் பேனா வைத்திருப்பது வகுப்புக்கு ஒரு ஆள்தான்.

லேப்_முரளிதரம் | ஜூன் 11, மதியம் 1.30

கூகுள் ஃபார்ம் பற்றி யாரும் சொல்லவில்லையே. போடலாம், ஆனால் அப்படியே போட்டால் அது பெயரோடு வாங்குகிற ஃபார்ம்.

செட்டிங்ஸில் மின்னஞ்சல் சேகரிப்பு அணைந்திருக்க வேண்டும். "ஒருவருக்கு ஒரு பதில்" என்பதை இயக்கினால் லாகின் கேட்கும். கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்று வைத்தாலும் லாகின் கேட்கும். பள்ளி கொடுத்த கணக்கில் உருவாக்கிய ஃபார்ம் என்றால், பள்ளிக் கணக்கு உள்ளவர் மட்டும் திறக்கலாம் என்று இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: லாகின் எதுவும் இல்லாத ரகசிய சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். பெயரோ மின்னஞ்சலோ கேட்டால் எங்கோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் அணைத்த பிறகும் நேர முத்திரை இருக்கும். பதில் வந்த நேரம், பதில்கள் சேரும் ஷீட்டின் முதல் பத்தியில் வினாடி வரைக்கும் பதிவாகும். செவ்வாய் 10.42க்கு வந்தது, அப்போது கணினி ஆய்வகத்தில் இருந்தது 10-சி, முடிந்தது கதை. ஷீட் யார் கையில்? கம்ப்யூட்டர் சார் கையில். புகாரே அவர் மேல் என்றால்?

நிறையப் பிள்ளைகள் அப்பா போனைத்தான் வாங்கிப் பார்ப்பார்கள். பிரவுசர் ஹிஸ்டரி அப்பாவுக்குத் தெரியும். புகார் அப்பாவைப் பற்றியும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் எண் கொடுக்கிறேன் என்பவர்களுக்கு: அனுப்புகிறவர் எண், டிபி, பெயர் மூன்றும் சேர்ந்தே வரும். அதில் என்ன மறைவு?

பொருளாளர்_பிடிஏ | ஜூன் 11, இரவு 9.10

அப்போது கூகுள் ஃபார்ம் வேண்டாமா?

லேப்_முரளிதரம் | ஜூன் 11, இரவு 9.32

பெட்டிக்குத் துணையாக வையுங்கள், பெட்டிக்குப் பதிலாக வேண்டாம். இணைப்பைக் கியூஆராக அச்சடித்து நோட்டு அட்டைக்கு உள்பக்கம் எல்லோருக்கும் ஒட்டுங்கள். சுவரில் ஒட்டினால் அதன் முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், ஹெச்.எம். வாசல் கதைதான் மறுபடி.

சாவிக்கொத்து | ஜூன் 13, காலை 7.00

தொலைபேசி எண்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும், கட்டணம் இல்லை. 1996இல் மும்பையில் தொடங்கியது. 14417 தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கு, 2022 அக்டோபரில் வந்தது. கடைசி இரண்டும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், போஸ்டர் அடிக்கும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இதில் பிள்ளைகளிடம் உடைத்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெயர் சொல்லாமல் பேசுவது வேறு, சொன்ன பெயரை வெளியே விடாமல் வைப்பது வேறு. 1098இல் பெயர் சொல்லாமலும் பேசலாம், ஆனால் அழைத்த எண் எதிர்முனையில் தெரியும். ஆபத்தில் இருக்கும் பிள்ளையை வந்து பார்க்க வேண்டுமென்றால் இடம் சொல்லியே ஆக வேண்டும். "யாருக்குமே தெரியாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் போலீஸ் வந்து நின்றால் அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது. "உன் பெயரை நாங்கள் கேட்க மாட்டோம். நீயாகச் சொன்னால், உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வோம்." சீட்டின் அடியில் இதை அப்படியே அச்சடிக்கலாம்.

வீட்டுப் போனில் பேசினால் அழைப்புப் பட்டியலில் எண் நிற்கும். அதை அழிக்கக் கற்றுக்கொடுப்பது தப்பில்லை.

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 14, இரவு 10.10

ஆபீஸ்களில் ஒரு வழக்கு உண்டு: மொட்டைக் கடுதாசி என்றால் நேரே குப்பைக்கூடை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில் போட்ட சுற்றறிக்கை, பெயரில்லாத புகார்களில் நடவடிக்கை வேண்டாம் என்றது. அது ஊழியர் மேல் வரும் ஊழல் புகாருக்கு. அதே பழக்கத்தில் பள்ளிச் சீட்டையும் கிழித்துப் போடுகிறார்கள். இங்கே அது செல்லாது.

போக்சோ சட்டம், 2012, பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் குற்றங்களுக்கானது. பிரிவு 19(1): குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். தகவல் கையெழுத்தோடு வர வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. பிரிவு 21(1): சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 21(2): நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறையும் அபராதமும். 21(3): சொல்லாமல் விட்ட பிள்ளைக்கு இந்தத் தண்டனை கிடையாது. 19(7): நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் சிவில், கிரிமினல் பொறுப்பு வராது.

"முதலில் நாங்கள் விசாரித்து உண்மையா என்று பார்க்கிறோம்" என்பார்கள். விசாரிப்பது போலீஸ் வேலை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்துப் பள்ளி விடுதி வழக்கில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று சொல்லியிருக்கிறது.

கடைசி_பெஞ்சு | ஜூன் 14, இரவு 10.30

குமாஸ்தா அண்ணே, பசங்க வேணும்னே ஒரு வாத்தியார் பேரை எழுதிப் போட்டா? மார்க் குறைச்சாருன்னு கடுப்புல?

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 14, இரவு 10.58

பிரிவு 22 பொய்ப் புகாருக்குத் தண்டனை சொல்கிறது, ஆனால் 22(2) பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்கிறது. காரணம் இருக்கிறது, பயமுறுத்தினால் உண்மையும் வராது. அந்த வாத்தியாருக்கு என்ன பாதுகாப்பு என்றால், சீட்டை வாசித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவதுதான். ஸ்டாஃப் ரூமில் பேசினால் பொய்யாக இருந்தாலும் அவர் மானம் போய்விடும், மெய்யாக இருந்தால் ஆதாரம் போய்விடும்.

சாவிக்கொத்து | ஜூன் 15, மாலை 4.45

பொய்ச் சீட்டு வரும். ஆனால் டிக் சீட்டில் பொய்க்கு வேலை குறைவு, ஏனென்றால் பெயர் எழுதும் கட்டமே இல்லை. "ஆசிரியர், ஆய்வகம், தொடுதல், தொடர்கிறது" என்று நான்கு டிக். பெயர் தெரியாமல் எப்படி நடவடிக்கை என்று கேட்பீர்கள். தொடுதல் என்ற டிக் விழுந்தாலே மேலே குமாஸ்தா சொன்னதுதான். மற்றவற்றில் இடமும் நேரமும் போதும். மாடிப்படியில் அடி என்று நாலு சீட்டு வந்தால் இடைவேளையில் மாடிப்படியில் ஒரு டீச்சரை நிறுத்துங்கள். யார் சொன்னது என்று தெரிய வேண்டியதே இல்லை.

சாவிக்கொத்து | ஜூன் 17, இரவு 9.15

பெட்டியைத் திறப்பது பற்றித் தனியாக எழுத வேண்டும். எழுதிய பிள்ளை பெரும்பாலும் மாட்டுவது சீட்டுப் போடும்போது இல்லை, சீட்டுக்குப் பிறகு பள்ளி செய்கிற காரியத்தில்.

பிரேயரில் நின்று "யாரோ எழுதிப் போட்டிருக்கிறீர்கள், யாரென்று தெரியும்" என்பது முதல் பாவம். வகுப்பில் போய் "9-பியில் மூன்றாவது பீரியடில் என்ன நடந்தது?" என்று கேட்பது அடுத்தது, அந்தப் பீரியடில் இருந்த பன்னிரண்டு பெண் பிள்ளைகளில் யார் என்று கண்டுபிடிக்க இரண்டு இடைவேளை போதும். கவுன்சலிங் என்று ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்புவதும் இதில் சேர்த்தி. கூப்பிட வேண்டுமென்றால் எட்டுப் பேரை, வெவ்வேறு காரணம் சொல்லி, வெவ்வேறு நாளில்.

திறக்கும்போது இரண்டு சாவிக்காரரும் ஒரு பெண் ஆசிரியரும், மூன்று பேர். 2021இல் பள்ளிகளில் அமைக்கச் சொன்ன மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு உங்கள் பள்ளியில் தாளில் மட்டுமாவது இருக்கும், ஆட்களை அதிலிருந்தே எடுங்கள். சீட்டை எண்ணி, பதிவேட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை. கடுமையான சீட்டு என்றால் ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்க்கும். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், சீட்டின் மேல் "பார்த்தேன்" என்று கையெழுத்தும் போடாதீர்கள். மூவரும் உறையின் மேல் கையெழுத்திடுங்கள். அது சாட்சியமாகப் போகிற தாள்.

போனில் படம் எடுக்கவே கூடாது. ஸ்டாஃப் குரூப்பில் ஒருவர் "ஜாக்கிரதை" என்று போட்டுவிடுவார். சிறார் நீதிச் சட்டம், 2015, பிரிவு 74இல் பத்திரிகை மட்டுமல்ல, "வேறு தகவல் தொடர்பு வடிவங்களும்" அடக்கம். விசாரணையில் உள்ள பிள்ளையின் பெயரோ பள்ளியோ அதில் போனால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாரம் இரண்டு முறை திறந்தால் போதும் என்று நினைக்கிறேன். வெள்ளி கடைசிப் பீரியடுக்கு முன் கட்டாயம்.

தெற்கத்திக்காரர் | ஜூன் 19, இரவு 11.20

திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியை யாரும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட். உடன் படித்தவர்கள் சாதி சொல்லித் தொல்லை கொடுத்ததால் பிளஸ் டூ பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று கேட்டபோது சொன்னான், புகார் பெயரோடு போனது. அன்றிரவு வீட்டுக்குள் புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை. சாதி அடையாளம் என்று வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எல்லாம் பேசினோம். பெயரோடு போன புகார் எந்தக் கையிலிருந்து எந்தக் காதுக்குப் போனது என்பதைப் பேசியவர்கள் குறைவு.

சாவிக்கொத்து | ஜூன் 20, காலை 6.30

ஆமாம். தெற்கு மாவட்டங்களில் பெட்டி திறப்பவர் யார் என்பதில் சாதியும் இருக்கிறது. இரண்டு சாவியும் ஒரே சாதிக்காரர் கையில் இருந்தால் அது ஒரு சாவிதான். பெற்றோர் தரப்புச் சாவியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது இதைக் கூச்சப்படாமல் யோசியுங்கள்.

கணக்கு_டீச்சர் | ஜூன் 22, மாலை 6.00

பேச்சு முழுக்கப் போலீஸ் பக்கமே போகிறது. சுவரும் பஸ்ஸும் பாதுகாப்புதான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் அடித்தள ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்தது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள். தினம் அதே பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகள் கண்ணில் அந்த ஓட்டை படாமல் இருந்திருக்குமா?

சாவிக்கொத்து | ஜூன் 22, இரவு 9.40

அதனால்தான் மேல்பாதியில் சாதாரணக் கேள்விகள். பஸ் பற்றிக் கேட்டால் பொதுவாக "பஸ் பாதுகாப்பா?" என்று கேட்காதீர்கள். தரைத் தகட்டில் ரோடு தெரிகிறதா, அவசர வழிக் கதவு திறக்கிறதா, டிரைவர் போன் பேசுகிறாரா, ஆயா இருக்கிறாரா. சுவர் என்றால் விரல் நுழையும் விரிசல் எங்கே, தொட்டால் சிமென்ட் உதிர்வது எங்கே. ஆறாம் வகுப்புப் பிள்ளை இதற்கு என்ஜினியரை விடத் துல்லியமாகப் பதில் சொல்லும்.

சாவிக்கொத்து | ஜூலை 2, காலை 7.20

ஜூன் 17 குறிப்பில் வாரம் இரண்டு முறை என்று எழுதியது தவறு. தினமும் திறக்க வேண்டும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஏற்பாட்டைப் பாருங்கள். 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு வந்தது, பெயர் சேஃப்2டெல். 2007இல் பெயரை வெளியிடாத பாதுகாப்புக்குச் சட்டமே போட்டார்கள், 2014இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குக் கீழே போனது. பள்ளிக்கு நேரே போகாமல் வெளியே ஒரு மையத்தில் 24 மணி நேரமும் வாங்கி, அங்கிருந்து பள்ளிக்கும் உள்ளூர்க் காவலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். என்ன செய்தோம் என்று பள்ளி திருப்பி எழுத வேண்டும். ஒரே ஆள் கையில் தகவல் சாகாது. நமக்கு இரண்டு பூட்டு செய்கிற வேலைதான், பெரிய அளவில்.

துப்பாக்கிக்காகத் தொடங்கியதில் அதிகம் வருவது எது தெரியுமா? "என் சிநேகிதன் சாகப் போகிறேன் என்கிறான்" வகைத் தகவல்தான். நம் பெட்டியிலும் அது விழும். வியாழன் காலை விழுந்ததை வெள்ளி மாலை எடுத்தால் அந்த இரவு என்னவாகும்? தினமும் கடைசி மணிக்கு முன் திறங்கள். சீட்டிலும் பெட்டி மேலும் பெரிய எழுத்தில்: "இன்றே உதவி வேண்டுமா? 1098, 14416. இந்தப் பெட்டி இரவில் திறக்காது."

பொருளாளர்_பிடிஏ | ஜூலை 5, இரவு 8.50

சீட்டுப் போட்ட பிள்ளைக்கு, நடவடிக்கை எடுத்தோம் என்று எப்படிச் சொல்வது? பெயரே தெரியாதே.

சாவிக்கொத்து | ஜூலை 5, இரவு 9.25

குலுக்கலுக்கு விற்கிற இரட்டை எண் டோக்கன் புத்தகம். ஒரு பாதி சீட்டோடு, மறுபாதி பிள்ளையிடம். அறிவிப்புப் பலகையில் எண்ணைப் போட்டுப் பதில்.

சாவிக்கொத்து | ஜூலை 6, காலை 6.05

டோக்கன் வேண்டாம். ஜியாமெட்ரி பாக்ஸில் அந்தத் துண்டு கிடந்தால் அதுவே சாட்சி. பிள்ளையே ஒரு சொல்லும் மூன்று இலக்கமும் சீட்டில் எழுதட்டும், "முருங்கை 318" மாதிரி. மனசில் இருந்தால் போதும், கையில் எதுவும் வேண்டாம். பலகையில் எல்லாப் பதிலையும் ஒரே நாளில், கலந்து போடுங்கள். பதிலில் விவரம் வேண்டாம்: "முருங்கை 318: படித்தோம், அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினோம். இன்னும் தொடர்ந்தால் இதே சொல்லில் எழுது." தொடுதல் மாதிரி கடுமையானதைப் பலகையில் ஏற்றவே வேண்டாம், தொட்டவனும் பலகையைப் படிப்பான்.

கடைசி_பெஞ்சு | ஜூலை 6, காலை 8.12

இலக்கம் ஒண்ணு போதும்னு விட்டிருந்தா இருநூறு பேர் "தோனி 7"னு எழுதியிருப்பான்.

சாவிக்கொத்து | ஜூலை 6, காலை 8.30

அதற்குத்தான் மூன்று இலக்கம். "ஆட்டக்காரர், நடிகர் பெயர் வேண்டாம், காய்கறி பெயர் எழுது" என்று சீட்டிலேயே போட்டுவிடுங்கள். வண்டி எண், வருகைப் பதிவேட்டு எண் எழுதக் கூடாது என்றும்.

பொருளாளர்_பிடிஏ | ஜூலை 19, இரவு 9.05

பட்டறையிலிருந்து இரண்டு பெட்டியும் வந்துவிட்டன. ஒன்று மாடிப்படித் திருப்பத்தில், ஒன்று மாணவியர் நடையில். ஹெச்.எம். முதலில் "புகார் கூடினால் பள்ளி பேர் கெடும்" என்றார். பிரிவு 21(2)ஐ ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைத்தோம், கேமராவைத் திருப்ப அவரே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். முதல் பத்து நிமிஷ நாள் நாளைக்கு மறுநாள். ஒரு சிக்கல்: நான்காய் மடித்த சீட்டு பிளவில் பாதியில் நிற்கிறது.

சாவிக்கொத்து | ஜூலை 19, இரவு 9.20

பெயின்ட். இரண்டு கோட் அடித்தால் பிளவு கொஞ்சம் குறுகும், ஓரத்தில் சொட்டிக் கட்டியிருந்தால் இன்னும் அதிகம். உப்புக்காகிதத்தை ஒரு ஸ்கேலில் சுற்றி உள்ளே விட்டுத் தேயுங்கள், வெல்டிங் பிசிறும் போகும். சாய்தகட்டின் மேல் விளிம்பு பிளவுக்கு நேர் கீழே முட்டுகிறதா என்றும் பாருங்கள், முட்டினால் ஒரு செ.மீ. பின்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சீட்டை நான்காய் வேண்டாம், இரண்டாய் மடித்தால் போதும். பாதியில் நிற்கிற சீட்டைப் பின்னால் வருகிறவன் இழுத்துப் படிப்பான், நாளைக்கே சரிசெய்துவிடுங்கள்.